கெல்ட்டியர் குழியில் எங்கள் தேங்காய்

1

மகள் பள்ளிக்கூடத்தில் இருந்து ஒரு படம் கீறிக்கொண்டு வந்தாள். தொங்கு மீசை, இரண்டு பக்கமும் பின்னிய நீளத் தலைமயிர், கையில் கேடயம். எனக்கு எங்கள் ஊர் நாட்டுக்கூத்தில் வரும் சேனாதிபதியின் ஞாபகம்தான் வந்தது. ஆர் பிள்ளை இது என்று கேட்டேன். பதில் பிரெஞ்சில் வந்தது. எங்கள் மூதாதையராம், கோலுவாக்களாம், ரீச்சர் சொன்னாவாம். நான் தமிழில் கேட்பதும் அவள் பிரெஞ்சில் சொல்வதும் இப்போது வீட்டு வழக்கமாகிவிட்டது. எட்டு வயது. "அப்பா" என்ற சொல் மட்டும் இன்னும் தமிழில் மிஞ்சியிருக்கிறது, அதுவும் எத்தனை நாளைக்கோ தெரியாது.

அடுப்படியில் நின்ற மனைவி எட்டிப் பார்த்தாள். "அப்ப கொடிகாமத்திலை சுருட்டுச் சுத்தின உங்கடை அப்பு ஆராம்?" என்று கேட்டாள்.

நான் சிரிக்கத் தொடங்கினேன். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தேன். மகள் கோபித்துக்கொண்டு படத்தைப் பறித்துக்கொண்டு போய்விட்டாள். மனைவி ஒரு மாதிரிப் பார்த்தாள். இவர்கள் இரண்டு பேரும் பாரிசுக்கு வந்து இந்த வெள்ளிக்கிழமையோடு இரண்டு வருடம். எப்படி வந்தார்கள் என்ற கதையை நான் அவளுக்கே முழுதாகச் சொல்லவில்லை. ஊரில் இருந்து இதை வாசிக்கிற நீங்கள் முதலில் கேளுங்கள். பிறகு அவளுக்கு நீங்களே எழுதிப் போட்டுவிடுவீர்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

கோலுவாக்கள் என்றால் ரோமர் வருவதற்கு முன் பிரான்சில் இருந்த பழைய சனம். கெல்ட்டியர் என்ற பெரிய குடும்பத்தில் ஒரு கிளை. அந்தக் கெல்ட்டியர் எங்கிருந்து வந்தார்கள் என்பதில்தான் சண்டை. மண்ணைக் கிண்டிப் படித்த ஆய்வாளர்கள் ஒரு பக்கம். புத்தகம் வாசித்து வீட்டு மேசையில் சரித்திரம் எழுதும் ஓய்வூதியக்காரர்கள் மறுபக்கம். இரண்டு பகுதிக்கும் நடுவில் நான் ஒரு தேங்காயோடு போய் மாட்டிக்கொண்டேன்.

2

அப்போது நான் பாரிசில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பலில், மெற்றோ மேம்பாலத்துக்கு எதிரே உள்ள ஒரு பழைய கட்டடத்தின் ஆறாம் மாடியில் ஓர் அறையில் இருந்தேன். ரயில் போனால் கோப்பிக் கோப்பை தானாக நகரும். அறைக்குச் சொந்தக்காரர் மொசியூ கெர்வெல். ஐந்தாம் மாடியில் தனியாக இருந்தார். பிரான்சின் மேற்குக் கரையில் பிரெத்தானிப் பக்கத்துக்காரர். ரயிலில் முப்பது வருடம் ரிக்கற் பரிசோதகர். ரிக்கற் இல்லாமல் வந்த சொந்தத் தங்கையின் புருஷனுக்கே தண்டம் எழுதியவர் என்று கட்டடத்தில் எல்லோரும் சொல்வார்கள். பொய் அவருக்கு ஆகாது. விசர் மட்டும் ஒன்று இருந்தது. கெல்ட்டியர் கீழைத் தேசத்தில் இருந்து கடல்வழியாக வந்தார்கள் என்பது அவருடைய முடிவு.

ஞாயிற்றுக்கிழமைகளில் கோப்பிக்குக் கூப்பிடுவார். கோப்பி ஒரு சாட்டு. கெல்ட்டியரின் பூசாரிகள் மறுபிறப்பை நம்பினார்கள், நீங்களும் நம்புகிறீர்கள் என்பார். எங்கள் பக்கம் பெரிய கற்களை நட்டு வைத்திருக்கிறார்கள், உங்கள் பக்கம் உண்டா என்பார். என் வாய் சும்மா இருந்திருக்கலாம். றோட்டுக்கரையில் இருக்கும் சுமைதாங்கியைப் பற்றிச் சொன்னேன். இரண்டு கல்லை நிறுத்தி மேலே ஒரு கல்லைக் குறுக்கே வைப்பது, பிள்ளைத்தாய்ச்சியாக இறந்த பெண்ணின் நினைவாகக் கட்டுவது, சுமையோடு நடந்து வருபவர்கள் அதில் இறக்கி வைத்து ஆறுவார்கள் என்று விளக்கினேன். மாடு உரசுவதற்கு நடும் ஆவுரஞ்சிக் கல்லையும் சேர்த்துச் சொல்லிவைத்தேன். மனிதர் எழுந்து நின்றுவிட்டார். அடுத்த மாதம் அவரைப் போன்ற சரித்திர ஓய்வூதியக்காரர்கள் கூடும் வட்டத்தின் சஞ்சிகையில், கல்லச்சில் அடித்து ஊசி குத்திய எட்டுப் பக்கத்தில், கொடிகாமத்துச் சுமைதாங்கி ஆதி கெல்ட்டியர் நினைவுச் சின்னமாகிவிட்டது. அதைக் கட்டியவர் என் பெரியப்பாவின் சம்பந்தி என்று சொல்லிப் பார்த்தேன். மரபு தொடர்கிறது என்றார்.

எங்கள் ஊரிலும் ஒருவர் இருந்தார், ஓய்வுபெற்ற தபாலதிபர். எங்கள் ஒழுங்கைதான் பழைய ராசதானியின் துறைமுக வீதி என்று பத்திரிகைக்கு எழுதிக்கொண்டே இருந்தார். கடல் நான்கு கட்டை தள்ளி இருந்தது. கடல் பின்வாங்கிவிட்டது என்றார். அதனால் மொசியூ கெர்வெலைப் பார்த்தபோது எனக்கு அந்நிய தேசத்தில் இருப்பதாகவே தோன்றவில்லை.

இந்த மனிதரிடம்தான் என் குடும்பத்தின் தலையெழுத்து இருந்தது. அகதி அட்டை எனக்குக் கிடைத்திருந்தது. மனைவியையும் மகளையும் எடுப்பிக்க வேண்டும் என்றால் குடியிருக்க இடம் உண்டு என்று வீட்டுக்காரர் ஒப்பமிட்ட கடிதம் வேண்டும். ஊர்க் கச்சேரி அலுவலகத்தில் கிராமத்து விதானையாரின் கடிதம் கேட்பார்களே, அதே கதைதான். நான்காம் மாடியில் காலஞ்சென்ற தமக்கையின் இரண்டு அறையைத் தருவதாக மொசியூ கெர்வெல் சொல்லியிருந்தார். பிரெபெக்த்தூர் என்ற அரச அலுவலகத்தில் ஒரு ரந்தேவு, அதாவது குறித்த நாளும் நேரமும், கிடைக்க எனக்கு ஐந்து மாதம் சென்றது. அங்கே ஏற்கெனவே என் அப்பாவின் பெயரை எனக்குக் குடும்பப் பெயராக்கி, என் பெயரைப் பின்னுக்குத் தள்ளி, மனைவி வேறு குடும்பம் என்று ஒருமுறை திருப்பி அனுப்பியிருந்தார்கள். இந்த முறை தவறினால் இன்னும் அரை வருடம்.

ஊரில் இருந்து மனைவி பேசிப் பதிந்த கசெற் அனுப்புவாள். கடைசியாக வந்ததில் மகள் பாட்டுப் பாடினாள். பாட்டுக்குப் பின்னால் ஹெலிகொப்டர் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு எனக்கு அரை வருடம் என்பது தாங்கக்கூடிய கணக்காக இல்லை.

3

லா கூர்னெவ்வில் ஒரு பண்டகசாலை கட்ட இருந்த வெறுங்காணியில் கோலுவாக்களின் பழைய குழிகள் இருப்பது தெரியவந்தது. கட்டுவதற்கு முன் கிண்டிப் பார்க்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் வந்தார்கள். மண் வெட்ட ஆள் எடுத்தார்கள். நானும் பொன்னுத்துரை அண்ணையும் போனோம். அண்ணை ஊரில் கட்டட மேற்பார்வை செய்தவர், இங்கே என்னுடன் எல்லா வேலைக்கும் வருபவர். கார் து நோரில் ரயில் ஏறினால் கொஞ்ச நேரம்தான்.

முதல் நாள், வெள்ளைக்காரர் வருவதற்கு முன்பே அண்ணை என்னை இழுத்துக்கொண்டு போனார். பையில் ஒரு தேங்காய், தேசிக்காய், மஞ்சள்தூள், கற்பூரம். நாள், நேரம் எல்லாம் பார்த்துவிட்டார். "மண்ணிலை கை வைக்க முதல் மண்ணிட்டைக் கேக்கவேணும். இது ஆரின்ரை நாடெண்டாலும் மண் மண்தான்" என்றார். மறுத்துப் பேச எனக்கு மனம் வரவில்லை. அத்திவாரம் வெட்ட முதல் தேங்காய் உடைக்காத வீட்டை நானும் கண்டதில்லை. காணியின் கிழக்கு மூலையில் அண்ணை தேங்காயைக் கல்லில் அடித்தார். குளிரில் கை விறைத்திருந்ததோ என்னவோ, அது இரண்டாகாமல் மூன்றாகப் போனது. அண்ணையின் முகம் கறுத்தது. கற்பூரத்தைச் சிரட்டைக்குள்ளேயே கொளுத்தி, மஞ்சளைத் தூவி, எல்லாவற்றையும் ஒரு சின்னக் குழிக்குள் வைத்து மூடினோம். மேலே நானே மிதித்துச் சமப்படுத்தினேன். பிறகு நாள் முழுக்க அதன்மேல் தள்ளுவண்டி போனது.

அந்தக் காணிக்குப் பொறுப்பானவர் மதாம் லோரான். நாற்பது வயதிருக்கும், சிகரெட்டும் குறிப்புக் கொப்பியும் கையை விட்டு இறங்காது. ஒரு பானை ஓடு எந்த ஆழத்தில் எந்தப் பக்கம் பார்த்துக் கிடந்தது என்பதை எழுதாமல் மூச்சும் விடமாட்டார். எங்களுக்கு மரியாதை தந்தார். கெட்டிக்காரி. மொசியூ கெர்வெலை மட்டும் கண்டால் ஆகாது. அவர் சனிக்கிழமைகளில் வந்து வேலிக்கு வெளியே நின்று கேள்வி கேட்பார். அந்தப் பெரிய கற்கள் கெல்ட்டியருக்கு ஆயிரக்கணக்கான ஆண்டு முந்தியவை, இரண்டையும் முடிச்சுப் போட வேண்டாம் என்று மதாம் பத்துத் தடவை சொல்லியிருப்பார். பதினோராம் தடவையும் அவர் முடிச்சோடுதான் வருவார்.

நான்கைந்து கிழமை போனது. மழை பெய்து கிழக்கு மூலை சரிந்தது. அங்கே ஒரு கோலுவாக் குழி இருந்ததும், நாங்கள் அதன் தலையில்தான் தேங்காய் உடைத்திருக்கிறோம் என்பதும் எனக்குத் தெரியாது. வேலைக்கு லீவான ஒரு நாளில் மொசியூ கெர்வெல் வேலியோரம் சரிந்த மண்ணில் எதையோ கண்டெடுத்துக் கைலேஞ்சியில் சுற்றிக்கொண்டு போனார். அதையும் எனக்கு ஒருவரும் சொல்லவில்லை.

4

வட்டத்தின் கூட்டம் லா ஷப்பலில் ஒரு கஃபேயின் பின்னறையில், சனிக்கிழமை பின்னேரம் நடந்தது. நாற்பது பேர் வரை இருந்தார்கள், நரை விழாத தலை என்னுடையதும் மதாம் லோரானுடையதும்தான். மொசியூ கெர்வெல் கழுத்தில் ரை கட்டியிருந்தார். மதாம் லோரானைத் தானே அழைத்திருந்தார். என்னை முன்வரிசையில், தெற்கின் பிரதிநிதி என்று இருத்தினார். வீட்டுக் கடிதம் எழுதி முடித்து அவர் வீட்டு மேசையில் கிடந்தது, கூட்டம் முடிந்த சந்தோஷத்தில் ஒப்பம் வைக்கிறேன் என்று காலையில்தான் சொல்லியிருந்தார்.

கைலேஞ்சியை விரித்தார். ஒரு துண்டுச் சிரட்டை. உள்ளே கரி பிடித்திருந்தது. கோலுவாக் குழியின் விளிம்பில் கிடந்தது என்றார். இது இந்த மண்ணில் விளையும் காய் அல்ல, தெற்குக் கடலோரத்துக் காய், உள்ளே நெருப்பு எரித்திருக்கிறார்கள், ஆகவே இது சடங்கு என்றார். அது எங்கள் மூன்றாக உடைந்த தேங்காயின் துண்டு, அந்த உடைப்பு எனக்குத் தெரியும். சடங்கு என்று அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. காலம்தான் இரண்டாயிரத்துச் சொச்சம் வருடம் பிழை.

மதாம் லோரான் எழுந்து கிட்டப்போய்ச் சிரட்டையைப் பார்த்தார். குரலை உயர்த்தவில்லை.

"மொசியூ கெர்வெல், இந்தக் காய் லா ஷப்பலில் எந்தத் தமிழ்க் கடையிலும் கிடைக்கும். நீங்கள் குடியிருப்பதும் லா ஷப்பலில்தான்."

அவருக்கு விளங்க ஒரு கணம் எடுத்தது. விளங்கியதும் முகம் வெளிறிவிட்டது. நான் வைத்து எடுத்தேன் என்கிறீர்களா என்று கேட்டார். வேறு எப்படி வந்திருக்கும், நீங்களே சொல்லுங்கள் என்றார் மதாம். மொசியூ கெர்வெல் என் பக்கம் திரும்பினார். "சிவா, சொல்லுங்கள். உங்களிடம் இந்தக் காய் புனிதமானதா இல்லையா?"

புனிதமானதுதான் என்று சொன்னேன். அதற்கு மேல் ஒரு சொல்லும் சொல்லவில்லை. எனக்கு அந்த மேசையில் ஒப்பம் இல்லாமல் கிடக்கும் கடிதம்தான் கண்ணுக்குள் நின்றது. இதை எழுதும்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

5

மொசியூ கெர்வெல் கதவைப் பூட்டிக்கொண்டார். கோப்பி இல்லை, கெல்ட்டியர் இல்லை. பாண் வாங்கக்கூட இறங்கவில்லை. வட்டம் அவரைச் செயலாளர் பதவியில் இருந்து விலகச் சொல்லிக் கடிதம் போட்டதாகக் கட்டடத்துக் காவல்காரி சொன்னாள். வாழ்நாள் முழுக்க மற்றவனின் ரிக்கற்றைப் பார்த்த மனிதனைக் கள்ளன் என்று சொல்லிவிட்டார்கள். ரந்தேவுக்கு இன்னும் நான்கு நாள் இருந்தது.

அண்ணையிடம் போனேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நான் அப்பவே நினைச்சனான், மூண்டாய் உடையேக்கை" என்றார். பிறகு புத்தி சொன்னார். "இஞ்சை பார் தம்பி, கடிதம் கையிலை வரட்டும். மனிசியும் பிள்ளையும் வந்து இறங்கட்டும். அதுக்குப் பிறகு நீ எந்தக் கோயிலிலை நிண்டெண்டாலும் உண்மையைச் சொல்லு. இப்ப சொன்னால் வேலையும் போம், வீடும் போம்."

சரியான கதைதான். நானும் இரண்டு நாள் அந்தக் கதையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். மூன்றாம் நாள் படியில் மொசியூ கெர்வெலைச் சந்தித்தேன். தாடி வளர்ந்திருந்தது. கையில் குப்பை வாளி, அதற்குள் அவருடைய சஞ்சிகைகள், கட்டுக் கட்டாக. என்னைக் கண்டதும் வாளியை மறுகைக்கு மாற்றிக்கொண்டு வணக்கம் சொன்னார். கடிதத்தை மறக்கவில்லை, நாளைக்கு வைக்கிறேன், என் ஒப்பத்துக்கு இன்னும் மதிப்பு இருந்தால், என்றார்.

6

அடுத்த நாள் காலை மதாம் லோரானிடம் நேரே போனேன். எனக்கு அப்போது பிரெஞ்சில் இறந்தகாலம் வராது, எல்லாம் நிகழ்காலம்தான். நான் தேங்காய் உடைக்கிறேன், நான் குழியில் வைக்கிறேன் என்றேன். அவர் பதறி, எங்கே, இப்போதா என்று என் கையைப் பார்த்தார். பிறகு கையாலும் காலாலும் நடித்துக் காட்டினேன். அண்ணை தூரத்தில் நின்று தலையில் கை வைத்துக்கொண்டிருந்தார். வேலை செய்ய முதல் மண்ணிடம் கேட்பது எங்கள் வழக்கம், மொசியூ கெர்வெலுக்கு ஒன்றும் தெரியாது, அவர் நல்ல மனிதர் என்று முடித்தேன். மஞ்சள்தூளையும் சொன்னேன்.

"மஞ்சள் தூளா?" என்றார் மதாம்.

கொப்பியைப் புரட்டினார். கிழக்கு மூலைக் குழியில் மஞ்சள் நிறக் கறை, காவிமண்ணாக இருக்கலாம், சடங்கா என்று அவரே எழுதி, பெரிய கேள்விக்குறி போட்டிருந்தார். அதைப்பற்றி ஒரு கட்டுரைக்கும் குறிப்பு எடுத்திருந்தாராம். பிறகு சிகரெட்டைக் காலால் நசுக்கிவிட்டு, என்னைத் திட்டினார். நன்றாகத் திட்டினார். எனக்குப் பாதிதான் விளங்கியது, அந்தப் பாதியே போதும். இனி மண்வெட்டி தொடக்கூடாது, கண்ணுக்கு முன்னால் இருந்து ஓடு கழுவு என்றார். வேலை போகவில்லை என்பது எனக்குப் பின்னேரம்தான் விளங்கியது.

அன்று பின்னேரமே மதாம் என்னோடு லா ஷப்பலுக்கு வந்து ஐந்து மாடி ஏறினார். மொசியூ கெர்வெல் கதவைத் திறந்தார். மதாம் இளைக்க இளைக்க, நான் உங்களைப் பற்றிச் சொன்னது தவறு, மன்னிக்க வேண்டும், என் ஆய்வாளர் சங்கத்துக்கும் உங்கள் வட்டத்துக்கும் எழுதுகிறேன் என்றார். அடுத்து நான் என் நிகழ்காலத்தில் மறுபடி தேங்காய் உடைத்தேன்.

மொசியூ கெர்வெல் கதிரையில் இருந்து கேட்டார். கள்ளன் என்ற பெயர் போனது. அதோடு அவருடைய ஒரே ஆதாரமும் போனது. ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்டார். கடிதத்துக்குப் பயந்து என்றேன். தலையை ஆட்டினார். அந்தக் கற்பூரத்தை ஏன் எரித்தீர்கள் என்று அடுத்ததாகக் கேட்டார். சொன்னேன். மதாம் பக்கம் திரும்பினார்.

"பார்த்தீர்களா? கிழக்கில் இருந்து வருகிறவன் மண்ணைத் தொட முதல் காய் புதைக்கிறான். இவர்கள் இப்போது செய்வதை வேறு யாரோ அப்போது செய்திருக்க முடியாதா?"

"ஆதாரம்?" என்றார் மதாம்.

அவ்வளவுதான். இரண்டு பேரும் தொடங்கிவிட்டார்கள். வரைபடம் வந்தது, சைடர் என்ற ஆப்பிள் மதுப் போத்தல் வந்தது, குப்பை வாளிக்குத் தப்பிய சஞ்சிகைகள் வந்தன. ஆல்ப்ஸ் மலைக்கு வடக்கே என்று மதாம் அடித்துச் சொல்ல, கடல்வழியே என்று மொசியூ அடித்துச் சொல்ல, நான் ஒருவன் அங்கே இருப்பதை இருவரும் மறந்துபோனார்கள். கடிதத்தைக் கேட்க எனக்கு முகம் இல்லை. மெல்ல எழுந்து என் அறைக்குப் போய்விட்டேன்.

7

வெள்ளிக்கிழமை காலை கடிதம் இல்லாமலே புறப்பட்டேன். கீழ்வாசலில் மொசியூ கெர்வெல் சவரம் செய்து, ரை கட்டி, மேற்சட்டை போட்டுக்கொண்டு நின்றார். உள்பையில் இருந்து கடிதத்தை எடுத்துக் காட்டினார். ஒப்பம் இருந்தது. நேரில் வந்தால் அலுவல் கெதியாய் முடியும் என்று கூடவே வந்தார்.

மூன்று மணித்தியாலம் வரிசை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் கோப்பைப் பக்கம் பக்கமாகப் புரட்டினாள். பெயர்ப் பிரச்சினை வரவில்லை. படங்களைப் பார்த்தாள். கடிதத்தில் வந்து நின்றாள். விண்ணப்பதாரருக்கும் வீட்டுக்காரருக்கும் என்ன உறவு என்ற இடத்தில் மொசியூ கெர்வெல் தன் அழகான கையெழுத்தில் "ஒன்றுவிட்ட சகோதரர்" என்று எழுதியிருந்தார்.

அவள் என்னைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். எந்த வழியில் என்று கேட்டாள். கடல்வழியில் என்று அவர் தொடங்கினார். கெல்ட்டியர் வந்தார்கள், பூசாரிகள் வந்தார்கள், சுமைதாங்கியும் வந்தது. எனக்குப் பின்னால் வரிசை முணுமுணுத்தது. நான் தெரிந்த தெய்வத்தையெல்லாம் கூப்பிட்டேன். கடைசியில் அவள் பேனாவைக் கீழே வைத்தாள்.

"மொசியூ, இந்த உறவுக்கு ஆதாரம் உண்டா? இல்லையென்றால் கோப்பைத் திருப்பி அனுப்ப வேண்டிவரும்."

மதாம் லோரான் எத்தனையோ தடவை கேட்டும் அவர் பதில் சொல்லாத கேள்வி அது. வாயைத் திறந்தார். பிறகு கோப்பின் மேலே ஊசி குத்தியிருந்த என் மனைவியின் படத்தையும் மகளின் படத்தையும் பார்த்தார். மகள் ஒற்றைப் பின்னலோடு, பல் விழுந்த வாயோடு இருந்தாள். அவர் கையை நீட்டிப் பேனாவை வாங்கினார். தான் எழுதியதைத் தானே கோடு போட்டு வெட்டினார். பக்கத்தில் "உறவினர் அல்ல" என்று எழுதிச் சுருக்கொப்பம் வைத்தார்.

"ஆதாரம் இல்லை, மதாம்" என்றார்.

முத்திரை விழுந்தது. ஒன்றல்ல, மூன்று. நான் அந்த இடத்திலேயே அழுதுவிட்டேன், அவள் ரிஷ்யூப் பேப்பர் தந்தாள். அவருக்கு எப்படி நன்றி சொல்வதென்று எனக்குப் பிரெஞ்சிலும் வரவில்லை, தமிழிலும் வரவில்லை. இருவரும் மெற்றோ வரைக்கும் நடந்தோம். படியில் இறங்கும்போது என் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"சிவா, ஆதாரம் இல்லை என்றுதான் சொன்னேன். அந்தத் தாளில் எழுதியது கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அந்தப் பெண்ணுக்காக. எங்களுக்குள் உறவு இல்லை என்று நான் சொல்லவில்லை."